ஜெர்மானியத்தில் ஓர் அரிய சிதைவைத் தேடி: பின்னணியைக் களையும் அறிவியல்

எழுபது கிலோ எடையுள்ள ஒரு மனிதரின் உடலில் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 7,000 அணுக்கருக்கள் சிதைகின்றன. உணவின் வழியே உடலில் சேரும் பொட்டாசியம்-40, கார்பன்-14 ஆகியவையே இதற்குப் பெரிதும் காரணம். நாம் நிற்கும் தரை, சாய்ந்திருக்கும் சுவர், சுவாசிக்கும் காற்று, வானிலிருந்து இடையறாது பொழியும் காஸ்மிக் கதிர்கள் என எல்லாத் திசைகளிலிருந்தும் கதிரியக்கம் நம்மைச் சூழ்ந்திருக்கிறது. அளவில் சிறியதாகையால் அது நம்மை வருத்துவதில்லை; நாம் அதை உணர்வதுமில்லை.

இத்தகைய உலகில், ஒரு கிலோ பொருளைப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்து கவனித்தாலும் ஒருமுறை நிகழுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு சிதைவைத் தேடி இயற்பியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்து வருகின்றனர். அது ஜெர்மானியம்-76 என்னும் ஐசோடோப்பில் நிகழக்கூடும் எனக் கருதப்படும் 'நியூட்ரினோ இல்லா இரட்டை பீட்டா சிதைவு'. இதுவரை அது ஐயத்துக்கிடமின்றிக் காணப்படவில்லை. ஆயினும் இத்தேடலின் வரலாறு கற்றுத்தரும் பாடம் ஒன்றுண்டு. தேடும் பொருளைக் கண்டேன் என்று சொல்வதற்கு முன், அதுபோலத் தோற்றமளிக்கும் பிற யாவற்றையும் அறிந்திருக்க வேண்டும். 'காணவில்லை' என்ற சொல்லுக்கு மதிப்பு உண்டாவதும் அந்த அறிவினாலேயே. அந்தப் 'பிற யாவற்றையும்' இயற்பியலாளர்கள் 'பின்னணி' என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றனர்.

தேடப்படுவது எது?

சாதாரண பீட்டா சிதைவில் அணுக்கருவிலுள்ள ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. ஓர் எலக்ட்ரானும் ஓர் எதிர்நியூட்ரினோவும் வெளிப்படுகின்றன. சில அணுக்கருக்களில் ஆற்றல் காரணங்களால் இந்த ஒற்றை மாற்றம் நிகழ வழியில்லை. ஆனால் இரண்டு நியூட்ரான்கள் ஒரே சமயத்தில் மாறலாம். இதனை 1935ஆம் ஆண்டில் மரியா கோப்பர்ட் மேயர் கணித்துக் காட்டினார். ஜெர்மானியம்-76 இவ்வாறு செலினியம்-76 ஆக மாறும். இரண்டு எலக்ட்ரான்களும் இரண்டு எதிர்நியூட்ரினோக்களும் வெளிவரும். இச்சிதைவு உண்மையில் நிகழ்கிறது. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 2 × 10²¹ ஆண்டுகள் என அளக்கப்பட்டுள்ளது. அதாவது இரண்டை அடுத்து இருபத்தொரு பூஜ்யங்கள். பிரபஞ்சத்தின் வயதோ 1,380 கோடி ஆண்டுகள்தாம்.

1937ஆம் ஆண்டில் இத்தாலிய இயற்பியலாளர் எட்டோரே மஜோரானா ஓர் ஆழ்ந்த கேள்வியை எழுப்பினார். மின்னூட்டமுள்ள எலக்ட்ரானுக்கு எதிர்மின்னூட்டமுள்ள பாசிட்ரான் எதிர்த்துகளாக இருக்கிறது. மின்னூட்டமே இல்லாத நியூட்ரினோவுக்குத் தனியானதோர் எதிர்த்துகள் தேவையா? அது தனக்குத் தானே எதிர்த்துகளாக இருக்கலாமே? இக்கட்டுரை வெளியான மறு ஆண்டே மஜோரானா மறைந்துபோனார். அவருக்கு என்ன நேர்ந்தது என்பது இன்றளவும் விடுபடாத புதிர். ஆனால் அவர் விட்டுச்சென்ற கேள்வி நிலைத்தது. 1939இல் வெண்டல் ஃபர்ரி அதன் ஒரு விளைவைச் சுட்டிக்காட்டினார். மஜோரானா கருதியது சரியானால், இரட்டை பீட்டா சிதைவில் ஒரு நியூட்ரான் உமிழும் நியூட்ரினோவை மற்ற நியூட்ரானே உட்கொள்ளலாம். அப்போது வெளியே வருபவை இரண்டு எலக்ட்ரான்கள் மட்டுமே.

இவ்விரண்டு வகைச் சிதைவுகளுக்குமிடையே அளவிடத்தக்க ஒரு வேறுபாடு உண்டு. முதல் வகையில் நியூட்ரினோக்கள் ஆற்றலில் ஒரு பங்கை எடுத்துச் சென்றுவிடும். ஆகவே எலக்ட்ரான்களின் கூட்டு ஆற்றல் சிறியது முதல் பெரியது வரை பரவிக் கிடக்கும். இரண்டாம் வகையிலோ ஆற்றல் முழுவதும் எலக்ட்ரான்களிடமே தங்கும். ஜெர்மானியம்-76க்கு அந்த ஆற்றல் 2,039 கிலோ எலக்ட்ரான் வோல்ட். எனவே நிகழ்வுகளை ஆற்றல் வாரியாக வரிசைப்படுத்தினால், சரியாக 2,039 என்ற இடத்தில் ஒரு குறுகிய முகடு எழ வேண்டும். தேடல் முழுவதும் அந்த ஒற்றை முகட்டுக்காகவே.

அது காணப்பட்டால் விளைவுகள் பெரியவை. எதிர்ப்பருப்பொருள் தோன்றாமலேயே இரண்டு பருப்பொருள் துகள்கள் புதிதாகத் தோன்றிய நிகழ்வாக அது அமையும். பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் பருப்பொருளும் எதிர்ப்பருப்பொருளும் சம அளவில் உண்டாகி ஒன்றையொன்று அழித்திருந்தால், விண்மீன்களோ கோள்களோ நாமோ இருந்திருக்க இயலாது. பருப்பொருள் எவ்வாறு மிஞ்சியது என்ற கேள்விக்கு விடை காணும் வழிகளுள் ஒன்று இச்சிதைவின் ஊடாகவும் செல்கிறது.

ஜெர்மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட காரணம்

மெண்டலீவ் 1871இல் முன்கூட்டியே கணித்துச் சொன்ன தனிமம் ஜெர்மானியம். 1886இல் கிளெமென்ஸ் விங்க்ளர் அதனைக் கண்டுபிடித்தார். அது ஒரு குறைக்கடத்தி. மிகவும் தூய்மையான ஜெர்மானியப் படிகத்தைக் குளிரூட்டி, அதன் குறுக்கே உயர் மின்னழுத்தம் கொடுத்தால், உள்ளே விழும் ஆற்றல் மின்துகள்களாக மாறி ஒரு சிறு மின்துடிப்பை எழுப்பும். ஏறத்தாழ ஒவ்வொரு மூன்று எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் ஓர் எலக்ட்ரான்-துளை இணை உண்டாவதால், துடிப்பின் உயரத்தைக் கொண்டு ஆற்றலை மிக நுட்பமாக அளந்துவிடலாம். 2,039 என்ற இடத்தில் இக்கருவிகள் இரண்டரை முதல் மூன்று கிலோ எலக்ட்ரான் வோல்ட் அகலத்துக்குள் ஆற்றலைப் பிரித்தறிகின்றன. சாதாரண இரட்டை பீட்டா சிதைவுகள் தேடப்படும் முகட்டோடு கலந்துவிடாமல் காப்பது இந்த நுட்பமே.

1967ஆம் ஆண்டில் இத்தாலியின் எட்டோரே ஃபியோரினியும் அவருடைய குழுவினரும் ஒரு நல்ல வழியைக் கையாண்டனர். சிதைவுறும் பொருளும் ஜெர்மானியம். அளக்கும் கருவியும் ஜெர்மானியம். மூலமும் உணர்கருவியும் ஒன்றாகவே இருப்பதால், வெளிப்படும் எலக்ட்ரான்கள் தப்பிச் செல்ல இடமில்லை. இயற்கையில் கிடைக்கும் ஜெர்மானியத்தில் 76 என்ற ஐசோடோப்பு எட்டு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. பிற்காலத்தில் செறிவூட்டல் முறையால் அது 86 சதவீதத்துக்கும் மேலாக உயர்த்தப்பட்டது.

மற்றொரு நன்மையும் உண்டு. உணர்கருவிக்கான படிகத்தில், சில லட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்று என்ற அளவிலேயே மின்னியல்பை மாற்றும் அந்நிய அணுக்கள் எஞ்சும்படி அது தூய்மைப்படுத்தப்படுகிறது. அத்தூய்மைப்பாட்டில் யுரேனியம், தோரியம் போன்றவையும் நீங்கிவிடுகின்றன. ஆகவே படிகத்தின் உட்பகுதி பெரும்பாலும் குற்றமற்றது. தொல்லை வருவது சுற்றுப்புறத்திலிருந்துதான்.

பின்னணி எங்கிருந்து வருகிறது?

முதலாவது, பாறையிலும் உலோகங்களிலும் கலந்திருக்கும் யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் வழித்தோன்றல்கள். தோரியத்தின் வழிவரும் தாலியம்-208 உமிழும் காமா கதிரின் ஆற்றல் 2,615 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இது தேடப்படும் ஆற்றலைக் காட்டிலும் அதிகம். எனவே அது படிகத்தில் தன் ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் இட்டுச் சென்றால், அப்பகுதி தற்செயலாக 2,039ஆக அமைந்துவிடலாம். யுரேனியத்தின் வழிவரும் பிஸ்மத்-214ம் 2,204 போன்ற உயர் ஆற்றல்களில் காமா கதிர்களை உமிழ்கிறது. அதே வழியில் தோன்றும் ரேடான் ஒரு வாயுவாகையால் எந்த இடுக்கிலும் புகுந்துவிடும்.

இரண்டாவது, காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் மியூவான்கள். மூன்றாவது, அதே காஸ்மிக் கதிர்கள் படிகத்தினுள்ளேயே தோற்றுவிக்கும் கதிரியக்க அணுக்கள். ஜெர்மானியம் நிலத்தின் மேற்பரப்பில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அதில் ஜெர்மானியம்-68, கோபால்ட்-60 ஆகியவை சிறுகச் சிறுகச் சேர்கின்றன. முன்னதன் அரை ஆயுட்காலம் 271 நாட்கள். பின்னதற்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மேல். நான்காவது, படிகத்தின் மேற்பரப்பில் படிந்துவிடும் பொலோனியம்-210 போன்றவை உமிழும் ஆல்பா துகள்கள்.

இவற்றைக் குறைப்பது ஏன் இத்தனை இன்றியமையாதது? பின்னணி அறவே இல்லையெனில், இருமடங்கு காலம் காத்திருந்தால் இருமடங்கு நீண்ட அரை ஆயுட்காலத்தை எட்டலாம். பின்னணி இருந்தாலோ அதன் ஏற்ற இறக்கங்களும் எண்ணிக்கையில் கலந்துவிடும். அப்போது தேடலின் திறன் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளரும். இருமடங்கு பயன் பெற நான்கு மடங்கு காத்திருக்க வேண்டும். பத்து மடங்கு பயனுக்கு நூறு மடங்கு. மனித வாழ்நாளுக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே பின்னணியைக் குறைப்பதே இத்துறையில் முன்னேறுவதற்கான வழியாயிற்று.

ஒரு கோரிக்கையும் ஒரு சர்ச்சையும்

பின்னணியின் முக்கியத்துவத்தை உலகுக்கு உணர்த்தியது 2001ஆம் ஆண்டின் இறுதியில் எழுந்த ஒரு சர்ச்சை. இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ நிலத்தடி ஆய்வுக்கூடத்தில் 1990 முதல் 2003 வரை ஹைடெல்பர்க்-மாஸ்கோ சோதனை நடைபெற்றது. செறிவூட்டப்பட்ட ஐந்து படிகங்கள், மொத்தம் ஏறத்தாழ 11 கிலோ. அக்காலத்தில் அது தன் துறையில் முன்னணியில் நின்ற சோதனை. அக்கூட்டமைப்பின் ஒரு பகுதியினர், ஹான்ஸ் ஃபோல்கர் கிளாப்டோர்-கிளைன்குரோட்ஹவுஸ் தலைமையில், நியூட்ரினோ இல்லாச் சிதைவுக்கான சான்றைக் கண்டுவிட்டதாக அறிவித்தனர். 2004இல் அவர்கள் வெளியிட்ட விரிவான பகுப்பாய்வின்படி, 2,039 என்ற இடத்தில் ஏறத்தாழ 29 நிகழ்வுகள் மிகுதியாக இருந்தன. அரை ஆயுட்காலம் 1.19 × 10²⁵ ஆண்டுகள்.

அறிவிப்பு உண்மையாயின் அது அந்நூற்றாண்டின் பெரும் கண்டுபிடிப்புகளுள் ஒன்றாக இருந்திருக்கும். ஆனால் அறிவியல் உலகம் அதனை ஏற்கத் தயங்கியது. காரணம் பின்னணிதான். அக்கருவியில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு ஆண்டுக்கும், ஒவ்வொரு கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் ஏறத்தாழ 0.11 பின்னணி நிகழ்வுகள் பதிவாயின. கேட்பதற்கு இது மிகச் சிறிய எண். ஆனால் பல ஆண்டுகளின் தரவுகளைக் கூட்டும்போது, ஒவ்வொரு கிலோ எலக்ட்ரான் வோல்ட் அகலத்திலும் எட்டு நிகழ்வுகள் வரை பின்னணியாகவே குவிந்துவிடும். சொல்லப்பட்ட முகடு அந்த மேட்டின் மீது எழுந்த ஒரு சிறு புடைப்பு. அருகிலேயே பிஸ்மத்-214இன் வலுக்குறைந்த சில கோடுகளும் இருந்தன. எவ்வளவு அகலமான ஆற்றல் பகுதியை எடுத்துப் பின்னணியைக் கணிப்பது என்பதைப் பொறுத்தே முகட்டின் நம்பகத்தன்மை கூடியும் குறைந்தும் தோன்றியது. கூட்டமைப்பின் மற்ற உறுப்பினர்கள் சிலரே உடன்படவில்லை.

இச்சர்ச்சையை விவாதங்களால் தீர்க்க இயலாது என்பது விரைவிலேயே தெளிவாயிற்று. அதே ஐசோடோப்பைக் கொண்டு, பின்னணியைப் பன்மடங்கு குறைத்து, மீண்டும் எண்ணிப் பார்ப்பதொன்றே வழி.

பூமிக்கு அடியில் அடைக்கலம்

முதற்படி, காஸ்மிக் கதிர்களிடமிருந்து விலகிச் செல்வது. ஆழமான சுரங்கங்களை இயற்பியலாளர்கள் நாடியது இதற்கு முன்பும் உண்டு. கோலார் தங்கச் சுரங்கத்தில் இந்திய, ஜப்பானிய, பிரித்தானிய ஆய்வாளர்கள் 1965ஆம் ஆண்டிலேயே வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தைக் கண்டனர். கிரான் சாஸ்ஸோ ஆய்வுக்கூடம் ரோமுக்குக் கிழக்கே, ஒரு நெடுஞ்சாலைச் சுரங்கவழியை ஒட்டி, 1,400 மீட்டர் பாறைக்கு அடியில் அமைந்துள்ளது. மேற்பரப்போடு ஒப்பிட மியூவான்களின் எண்ணிக்கை அங்கே பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒன்று மட்டுமே வருகிறது.

அந்த ஒன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இங்கே நிறுவப்பட்ட 'கெர்டா' சோதனையில் 590 கன மீட்டர் தூய நீர் கொண்ட ஒரு பெருந்தொட்டி வெளிக்கவசமாக அமைந்தது. அந்நீர் பாறையிலிருந்து வரும் காமா கதிர்களையும் நியூட்ரான்களையும் தடுத்தது. அத்துடன், நீரைக் கடக்கும் மியூவான் எழுப்பும் மெல்லிய நீல ஒளியைத் தொட்டியிலிருந்த ஒளி உணரிகள் பிடித்துக்கொண்டன. அதே கணத்தில் ஜெர்மானியத்தில் பதிவான துடிப்பு தள்ளிவைக்கப்பட்டது.

படிகங்களைத் தயாரிக்கும்போதும் இதே எச்சரிக்கை காட்டப்பட்டது. கெர்டாவின் புதிய படிகங்களுக்கான ஜெர்மானியம் ரஷ்யாவில் செறிவூட்டப்பட்டது. அமெரிக்காவில் படிகமாக வளர்க்கப்பட்டது. பெல்ஜியத்தில் உணர்கருவியாக உருவாக்கப்பட்டது. விமானத்தில் ஏற்றினால் சில மணி நேரத்திலேயே சென்று சேர்ந்திருக்கும். ஆனால் உயரத்தில் காஸ்மிக் கதிர்கள் பன்மடங்கு கடுமையானவை. எனவே கவசமிட்ட கொள்கலன்களில் தரைவழியாகவும் கடல்வழியாகவும் அது அனுப்பப்பட்டது. வேலை நடைபெறாத நாட்களில் நிலத்தடியில் வைக்கப்பட்டது.

கவசமே பகையாகும்போது

பழைய சோதனைகளில் உணர்கருவியைச் சுற்றி ஈயமும் செம்பும் அடுக்கப்பட்டன. அடர்த்தியான ஈயம் காமா கதிர்களை நன்கு தடுக்கும். ஆனால் ஈயத்திலேயே கதிரியக்கம் உண்டு. யுரேனியத்தின் வழிவரும் ஈயம்-210இன் அரை ஆயுட்காலம் 22 ஆண்டுகள். தாதுவிலிருந்து பிரித்தெடுத்த பின் புதிதாக அது சேர்வது அரிது என்பதால், பழைமையான ஈயத்தில் அது தேய்ந்து மறைந்திருக்கும். ஸ்பெயின் நாட்டின் கான்ஃபிராங்க் நிலத்தடிக் கூடத்தில் ஜெர்மானியம்-76ஐ ஆராய்ந்த 'இகெக்ஸ்' சோதனை, இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுள்ள ஈயத்தைத் தன் உட்கவசமாக்கியது. தொல்லியலுக்குரிய உலோகம் அணு இயற்பியலுக்கும் அரிய பொருளாயிற்று.

செம்பின் கதை வேறு. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், முன்பு தங்கச் சுரங்கமாக இருந்த இடத்தில், 1,480 மீட்டர் ஆழத்தில் 'மஜோரானா டெமான்ஸ்ட்ரேட்டர்' சோதனை நிறுவப்பட்டது. அதற்கு வேண்டிய செம்பை ஆய்வாளர்கள் வெளியே வாங்கி அப்படியே பயன்படுத்தவில்லை. செம்பை அமிலக் கரைசலில் கரைத்து, மின்னாற்பகுப்பு முறையில், துருப்பிடிக்காத எஃகு உருளைகளின் மீது படலம் படலமாகப் படியவைத்தனர். கரைசலில் தோரியமும் யுரேனியமும் பின்தங்கிவிடச் செம்பு மட்டும் படிந்தது. ஒன்றரை சென்டிமீட்டர் அளவிலான கனத்தை எட்ட ஓராண்டுக்கும் மேலாகும். இவ்வேலையின் பெரும்பகுதி நிலத்தடியிலேயே நடந்தது; மேலே வளர்த்தால் காஸ்மிக் கதிர்கள் செம்பில் கோபால்ட்-60ஐ உண்டாக்கிவிடும். இவ்வாறு பெறப்பட்ட ஒரு கிலோ செம்பில் யுரேனிய வழியிலோ தோரிய வழியிலோ ஒரு சிதைவு நிகழ நூறு நாட்களுக்கும் மேலாகும். கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட மனித உடலோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம்.

கெர்டா வேறொரு பாதையைத் தேர்ந்தது. கவசம் தூய்மையற்றதாயின், உணர்கருவிக்கு அருகில் திடப்பொருள்களையே கூடியவரை நீக்கிவிட்டால் என்ன? திரவ நிலையிலுள்ள ஒரு வாயுவில் ஜெர்மானியப் படிகத்தை உறையின்றி அப்படியே மூழ்கவைக்கலாம் என்ற கருத்தை 1995இல் கெர்டு ஹொய்ஸர் முன்வைத்திருந்தார். அதனைப் பின்பற்றி 64 கன மீட்டர் கொள்ளளவுள்ள திரவ ஆர்கான் தொட்டியில் படிகங்கள் தொங்கவிடப்பட்டன. ஆர்கான் படிகங்களைக் குளிர்வித்தது, கவசமாகவும் நின்றது. மேலும், கதிர்வீச்சு பட்டால் ஆர்கான் புற ஊதா ஒளி உமிழும். வெளியிலிருந்து வரும் காமா கதிர் ஜெர்மானியத்தில் ஒரு பகுதி ஆற்றலையும் ஆர்கானில் மறுபகுதியையும் இட்டால், ஆர்கானின் ஒளி அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். உண்மையான இரட்டை பீட்டா சிதைவிலோ எலக்ட்ரான்கள் படிகத்தை விட்டு வெளியேறுவது அரிது. ஆர்கான் இருண்டே இருக்கும்.

ஆயினும் இந்த ஏற்பாடும் எதிர்பாராத ஓர் இடரைத் தந்தது. இயற்கை ஆர்கானில் ஆர்கான்-42 மிகச் சிறு அளவில் உண்டு. அதன் சேய் அணுவாகிய பொட்டாசியம்-42 சிதையும்போது 3,500 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றலுள்ள எலக்ட்ரான்களை உமிழும். சோதனை ஓட்டத்தின்போது இப்பின்னணி எதிர்பார்த்ததைக் காட்டிலும் அதிகமாகக் காணப்பட்டது. காரணத்தை ஆராய்ந்தபோது, படிகத்துக்குக் கொடுக்கப்பட்ட உயர் மின்னழுத்தமே மின்னூட்டமுள்ள பொட்டாசியம் அயனிகளைத் தன்பால் ஈர்த்துக்கொள்வது தெரியவந்தது. முதற்கட்டத்தில் மெல்லிய செம்புத்தகட்டு உருளை ஒன்றைச் சுற்றிலும் அமைத்து அயனிகளைத் தடுத்தனர். ஆனால் செம்பு ஒளியையும் மறைத்துவிடும். ஆகவே இரண்டாம் கட்டத்தில், புற ஊதா ஒளியைக் கட்புலனாகும் ஒளியாக மாற்றும் பூச்சு பூசிய, ஒளி ஊடுருவும் நைலான் உறை பயன்படுத்தப்பட்டது. அது அயனிகளைத் தடுத்தது, ஒளிக்கு வழிவிட்டது.

துடிப்பின் வடிவம் சொல்லும் செய்தி

இத்தனைக்குப் பின்னும் சில நிகழ்வுகள் எஞ்சும். அவற்றை இனம் காண உதவுவது மின்துடிப்பின் வடிவம். இரட்டை பீட்டா சிதைவின் எலக்ட்ரான்கள் படிகத்தினுள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தொலைவுக்குள் தம் ஆற்றல் முழுவதையும் இழந்துவிடும். அதாவது ஆற்றல் ஒரே இடத்தில் விழும். காமா கதிரோ ஓரிடத்தில் மோதிச் சிதறி, சில சென்டிமீட்டர் தள்ளி மீண்டும் மோதும் இயல்புடையது. மொத்த ஆற்றல் ஒன்றாக இருந்தாலும், முன்னதன் மின்னோட்டத்தில் ஒரே கூர்முனை தோன்றும். பின்னதில் உயரம் குறைந்த பல முனைகள் தோன்றும்.

மின்முனையின் பரப்பைச் சிறிதாக்கிய புதிய வகைப் படிகங்களில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. மின்னோட்டத்தின் உச்சத்தை மொத்த ஆற்றலால் வகுத்துப் பெறும் ஓர் எளிய விகிதமே பெரும்பாலான காமா நிகழ்வுகளைக் களைந்தெறியப் போதுமானதாயிற்று. ஆல்பா துகள்கள் மின்முனையை ஒட்டி விழும்போது அந்த விகிதம் இயல்பைக் காட்டிலும் உயர்ந்துவிடுவதால் அவையும் பிடிபட்டன.

இவ்வளவுகோல் நம்பத்தக்கதா என்று சரிபார்ப்பதற்கும் ஒரு வழி இருந்தது. தோரிய மூலத்திலிருந்து வரும் 2,615 ஆற்றலுள்ள காமா கதிர் சில வேளைகளில் படிகத்தினுள் எலக்ட்ரான்-பாசிட்ரான் இணையாக மாறும். பாசிட்ரான் அழியும்போது எழும் இரு காமா கதிர்களும் தப்பிச் சென்றுவிட்டால், 1,593 என்ற ஆற்றல் ஒரே இடத்தில் விழுந்து எஞ்சும். இது தேடப்படும் நிகழ்வின் அச்சு அசலான மாதிரி. அதனைக் கொண்டு கருவிகள் தொடர்ந்து அளவுதிருத்தம் செய்யப்பட்டன. பகைவனாகிய தோரியமே இங்கே ஆசானாகவும் பயன்பட்டது.

மூடி வைக்கப்பட்ட பெட்டி

கருவியின் பின்னணியைக் களைவது ஒருபுறமிருக்க, காண்பவரின் மனச்சாய்வைக் களைவது மற்றொரு பணி. முடிவைப் பார்த்துக்கொண்டே அளவுகோல்களைத் திருத்துபவர், தாம் விரும்பிய விடையை நோக்கி அறியாமலே நகர்ந்துவிடக்கூடும். இதனைத் தவிர்க்க கெர்டா குழுவினர், 2,039ஐச் சூழ்ந்த குறுகிய பகுதியில் பதிவான நிகழ்வுகள் யாவற்றையும் தம் கண்ணுக்கே தெரியாமல் ஒதுக்கி வைத்தனர். எந்த நிகழ்வை ஏற்பது, எதனைத் தள்ளுவது என்ற விதிகளனைத்தையும் முடிவாக வகுத்த பின்னரே அப்பெட்டி திறக்கப்பட்டது.

2013இல் முதற்கட்டப் பெட்டி திறக்கப்பட்டது. முந்தைய கோரிக்கை உண்மையாக இருந்தால், துடிப்பு வடிவச் சோதனைக்குப் பின்னும் ஏறத்தாழ ஆறு சிதைவுகளும் இரண்டு பின்னணி நிகழ்வுகளும் இருந்திருக்க வேண்டும். காணப்பட்டவை மொத்தம் மூன்று; அவற்றுள் ஒன்றும் முகட்டின் மையத்தை ஒட்டி இல்லை. அரை ஆயுட்காலம் 2.1 × 10²⁵ ஆண்டுகளுக்கும் அதிகம் என்று அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளாக நீடித்த சர்ச்சை இவ்வாறு தணிந்தது. 21.6 கிலோ-ஆண்டு அளவே கொண்ட தரவு, அதைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான தரவின் மீது எழுந்த கோரிக்கையை மறுக்க முடிந்ததற்குக் காரணம், பின்னணி பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்ததே.

2015 இறுதி முதல் 2019 வரை நடந்த இரண்டாம் கட்டத்தில் அது மேலும் குறைந்து, கிலோவுக்கு, ஆண்டுக்கு, கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு 0.0005 என்ற அளவை எட்டியது. நூறு கிலோ-ஆண்டுத் தரவிலும் முகட்டின் அகலத்துக்குள் எதிர்பார்க்கத்தக்க பின்னணி ஒரு நிகழ்வில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மட்டுமே. 2020இல் வெளியான இறுதி முடிவிலும் சிதைவு காணப்படவில்லை. அரை ஆயுட்காலத்தின் கீழ்வரம்பு 1.8 × 10²⁶ ஆண்டுகளாக உயர்ந்தது. மஜோரானா டெமான்ஸ்ட்ரேட்டர் 2023இல் 8.3 × 10²⁵ ஆண்டுகள் என்ற வரம்பை வெளியிட்டது.

இவ்விரு குழுக்களும் பின்னர் ஒன்றிணைந்தன. கெர்டாவின் ஆர்கானும் மஜோரானாவின் தூய செம்பும் ஒரே கருவியில் சேர்ந்தன. 'லெஜெண்ட்-200' எனப்படும் அச்சோதனை 2023இல் கிரான் சாஸ்ஸோவில் தரவு சேகரிக்கத் தொடங்கியது. 2025இல் வெளியான அதன் முதல் முடிவை முந்தைய இரு சோதனைகளோடும் சேர்த்துக் கணித்தபோது 1.9 × 10²⁶ ஆண்டுகள் என்ற வரம்பு கிடைத்தது. அடுத்த படியாகத் திட்டமிடப்பட்டுள்ள 'லெஜெண்ட்-1000' ஒரு டன் ஜெர்மானியத்தைக் கொண்டு 10²⁸ ஆண்டுகளை எட்ட விழைகிறது. அந்த அரை ஆயுட்காலம் உண்மையெனில், ஒரு டன்னிலும் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு சிதைவே நிகழும். அதற்குப் பின்னணி இன்னும் ஐம்பது மடங்கு குறைய வேண்டும். ஆகவே ஆர்கான்-42 உண்டாகும் காற்றிலிருந்து ஆர்கானைப் பிரிக்காமல், காஸ்மிக் கதிர்கள் எட்டாத நிலத்தடி வாயுக் கிணறுகளிலிருந்து பெறத் திட்டமிட்டுள்ளனர்.

பூஜ்யத்தின் பொருள்

அரை நூற்றாண்டு உழைப்பின் விளைவு 'இதுவரை ஒன்றுமில்லை' என்பதுதானா என்ற ஐயம் வாசகர்களுக்கு எழலாம். பூஜ்யங்களிலும் வேறுபாடு உண்டு. கண்ணை மூடிக்கொண்டவர் ஒன்றும் காணாதது ஒரு பூஜ்யம். ஒவ்வொரு ஒலியையும் இனங்கண்டு, அதன் மூலத்தை அறிந்து, நீக்கத்தக்கதை நீக்கி, எஞ்சியதை அளந்து, அதன் பின் கூர்ந்து கேட்டவர் ஒன்றும் கேட்காதது வேறொரு பூஜ்யம். பின்னது ஓர் அளவீடு. நியூட்ரினோவின் இயல்பைப் பற்றிய பல கொள்கைகளுக்கு அது எல்லை வகுத்திருக்கிறது.

2001இன் கோரிக்கையை முன்வைத்தவர்களும் பெரும் உழைப்பாளிகளே. தம் காலத்தின் சிறந்த கருவியைக் கொண்டிருந்தவர்களே. அவர்கள் கண்டதாகக் கருதியதை மறுக்க வந்தவர்கள் அவர்களைக் காட்டிலும் அதிகமான தரவைக் கொண்டு வரவில்லை. அதிகமான அமைதியைக் கொண்டு வந்தனர். நாளை ஒருநாள் 2,039 என்ற இடத்தில் நான்கைந்து நிகழ்வுகள் மட்டுமே தோன்றினாலும், அவற்றை நம்புவதற்கு அந்த அமைதியே காரணமாக இருக்கும்.